முன் அறையில் ஒரு டிரில்லிங் மெஷின்

ஜூன் 9, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பி, துணியை ஊறவைத்துவிட்டு, சர்க்யூட் போர்டுக்குத் துளை போட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் டிரில்லர் பிட் உடைந்தது. மாற்றினேன். அதுவும் உடைந்தது. குண்டூசிக் கனம்கூட இல்லாத பிட். கைடிரில்லரை நட்டுக்குத்தலாகப் பிடித்தால் சமர்த்தாக இறங்கும்; மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தால் டிக்கென்று போய்விடும்.

தேவராஜ் போன் செய்தார். மோகனூர் ரோட்டில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டி செய்கிறவர். பெட்டிக்குள் சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் போர்டை நான்தான் செய்து கொடுக்கிறேன். "ஆடி முடியறதுக்குள்ள பெரிய லாட்டா வேணுமுங்கம்மிணி. ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, கோயமுத்தூர்ல பாத்துக்கறேன்" என்றார். ஆகும் என்று சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக்கில் படித்த எலக்ட்ரானிக்ஸ் இத்தனை வருஷம் பரணில் கிடந்தது. லாரி ஓடிய வீட்டில் இப்போது ஓடுவது இந்த வேலை ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது மாசியில். செருப்பு கடித்த ஒரு கொப்புளம். சர்க்கரை வேறு. நாக்பூர் லோடு இறக்கித் திரும்பும்வரை யாரிடமும் சொல்லாமல் ஓட்டிய பிடிவாதம். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து இன்றும் கூப்பிட்டார்கள். "அப்பறம் பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இன்சுலின் ஊசியை இனி நானே போடுவதாகச் சொல்லிவிட்டேன். ஊசியில் உள்ள கோடு அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஊசிகளும் மாத்திரைகளும் இப்போது சமையலறை மேல் அலமாரியில். குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தேன். ஆணி துருப்பிடித்திருந்தது. வேறு வாங்கி மாட்ட வேண்டும்.

ஜூன் 11, புதன்

கையால் துளை போட்டு இந்த லாட்டை முடிக்க முடியாது. டிரில்லிங் மெஷின் ஒன்று செய்யப்போகிறேன். சின்னது, மேஜைமேல் நிற்பது. மோட்டார் மேலே இருக்கும். கைப்பிடியை இழுத்தால் நேராக இறங்கும், விட்டால் ஸ்பிரிங் மேலே தூக்கிக்கொள்ளும். போர்டு அடியில் கிடக்கும். அவ்வளவுதான்.

சாயங்காலம் பிரதீபா ஈரோட்டு ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "ஆன்லைன்ல ரெடிமேடா கெடைக்குதும்மா. நான் ஆர்டர் போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேலை?" என்று சலித்துக்கொண்டாள்.

கிடைக்கும்தான். ஆனால் அது பெட்டியைப் பிரித்ததும் முடிந்துவிட்ட பொருள். முடியாத பொருள் ஒன்று கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படி அவளுக்குப் போனில் சொல்வது? "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். சாப்பிட்டார் என்றேன்.

ஜூன் 14, சனி

பழைய இரும்புக் கடையில் பாதி நாள். செத்துப்போன பேட்டரி டிரில்லர் ஒன்று, மூடி இல்லாத பெரிய பிரிண்டர் ஒன்று. டிரில்லரில் இருக்கும் மோட்டார் நல்ல வேகம். கியர்ப் பெட்டிதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. கியரைக் கழற்றி எறிந்தால் எனக்கு வேண்டிய வேகம் கிடைக்கும். பிரிண்டருக்குள் கண்ணாடிபோல் மினுங்கும் இரண்டு தண்டுகள். மை டப்பா அவற்றின்மேல்தான் ஓடும். அவற்றைச் செங்குத்தாக நிறுத்தினால் என் மோட்டார் ஏறி இறங்க வழி ஆயிற்று.

எல்லாவற்றையும் முன் அறை மேஜையில் பரப்பினேன். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில்தான் வழக்கமாக வேலை செய்வேன். ஆனால் அங்கே இப்போது காற்று அதிகம், தூசி வருகிறது. பிளக் பாயிண்டும் முன் அறையில்தான் நன்றாக இருக்கிறது.

அவர் கட்டில் அங்கே இருப்பதால் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

ஜூன் 17, செவ்வாய்

தண்டுகள் இழுவை. மேலே நன்றாக ஓடுகிறது, கீழே வந்தால் சிக்குகிறது. ஒரு தண்டு மற்றதைவிட மயிரிழை சாய்ந்திருக்கிறது போல. காலையிலிருந்து திருகைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தேன். கடைசியில் கீழ்த் திருகுகளைத் தளரவிட்டு, மோட்டார் தாங்கியை அடிவரை இறக்கி, அது தானாக நிற்கும் இடத்திலேயே இறுக்கினேன். ஓடியது! யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. "ஏனுங்க, இங்க பாருங்களேன்" என்றேன்.

"ம்" என்றார், திரும்பாமல்.

ராகி ரொட்டி சுட்டேன். ஒன்று சாப்பிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

மோட்டார் தண்டில் பிட்டைப் பிடிக்க லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு குழல் கடைந்து வாங்கியிருந்தேன். இன்று அதை மாட்டி ஓடவிட்டேன். சத்தம் காதைப் பிளந்தது. போர்டில் வைத்ததும் பிட் உடைந்து ஜன்னல் பக்கம் தெறித்தது. இன்னொன்று மாட்டினேன். அதுவும் அதே கதி.

குனிந்து உடைந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"சென்டர் அவுட்டு."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் சுவர் பக்கமேதான் இருந்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"சென்டர் அவுட்டுன்னேன். ங்ங்ங்-னு ஒரே சீரா வரோணும் சத்தம். இது ங்வா ங்வா-ங்குது. ஜாயிண்டு ஷாஃப்ட் ஆடுனா வண்டி இப்படித்தான் கத்தும்."

"எதுல ஆடுதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? இவ்வளவு சின்னதா இருக்குதே."

பதில் வருவதற்குள் மிளகாய் காயவைத்ததை எடுத்துவிடலாம் என்று எழுந்தேன். வாசற்படி தாண்டும்போது, "சாக்பீஸ வெச்சுப் பாரு" என்றார்.

ஜூன் 23, திங்கள்

சாக்பீஸைக் கூராகச் சீவி, சுற்றும் குழலுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தப் பக்கம்தான் துருத்திக்கொண்டிருக்கிறது. குழலைப் பிடிக்க நான் ஒரே ஒரு திருகு வைத்திருந்தேன். அது இறுக இறுகக் குழலை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. படித்தவள் யோசித்திருக்க வேண்டும். லேத் பட்டறைக்கு மறுபடி போய், நாலு பக்கமும் சமமாகக் கவ்வுகிற மாதிரி செய்யச் சொன்னேன்.

இந்த விவரத்தைச் சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன். நான் இரண்டு வாட்டி சொல்லியும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கை கழுவும்போது, "நாலு பக்கம்னா ஒண்ணுக்கு எதிர் ஒண்ணா இறுக்கோணும். வீல் போல்ட்டு மாதிரி. வட்டமாச் சுத்திச் சுத்தி இறுக்காத" என்றார்.

ஜூன் 25, புதன்

இன்று பேச்சில்லை. காற்றுதான் நாள் பூராவும். கரண்ட் போய்ப் போய் வந்தது.

ஜூன் 28, சனி

புதுக் குழல் நன்றாக இருக்கிறது. சத்தம் ஒரே சீர். ஆனால் நான் பிளைவுட்டில் செய்த சட்டம் நிற்கவில்லை. கைப்பிடியை இழுத்தால் கழுத்து வளைகிறது. பிட் துளைக்குள் இருக்கும்போது வளைந்தால் முடிந்தது கதை. பின்னால் ஒரு கட்டை வைத்து முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை.

"மரம் ஆகாது. இரும்புச் சேனல்ல பண்ணோணும்" என்றார். இப்போது அவர் மல்லாந்து படுத்திருந்தார். இது இரண்டு நாளாக.

"சேனலுக்கு நான் எங்கங்க போவேன்?"

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "குப்புராசுகிட்டக் கேளு."

குப்புராசு அண்ணன் சேலம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். இவர் ஓட்டிய வண்டிக்கும் அவர்தான் பாடி கட்டினார். இவருக்கு ஒரே சிநேகிதர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது, தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். நானும் சொல்லி அனுப்பினேன்.

"நீங்களே பேசுங்களேன்" என்று போனை நீட்டினேன். கையை நீட்டவில்லை. நானே பேசினேன். அண்ணன் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "ஏம்மிணி, நாளைக்கே அளவெடுக்க வாறேன். அவன் முழிச்சிருப்பானா?" என்றார். முழித்திருப்பார் என்றேன். கட்டிலில் இருந்தவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

குப்புராசு அண்ணன் வந்தார். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் அதைக் கவனிக்காதவர்போல் மேஜை முன்னால் நின்று மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டேப்பைப் பிடித்து அளந்தார். வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். "ரெண்டு இஞ்சு சேனல் போதும், அடியில தகடு எதுக்கு, நாலு போல்ட்டுல மேசையில முறுக்கிப்போடலாம்."

கட்டிலில் அசைவு.

"ஊர்ப்பட்ட லாரிக்குப் பாடி கட்டறவன், அடித்தகடு வேண்டாங்கறான். கனம் அடியில இல்லாம எப்படிடா நிக்கும்? ஆட்டுக்கல்லு ஏன் நிக்குது?"

"அப்படின்னா நீ சொல்லு. எத்தன கனம்?"

இவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இருவரும் கத்திக் கத்திப் பேசினார்கள். நான் காபி போடப் போனேன். அவர்களுக்குக் காபி கொண்டுவர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். பால் காய நேரமாயிற்று.

போகும்போது அண்ணன் வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார். "என்னம்மிணி இப்படி எளச்சுப் போயிட்டான். வேற ஏதாச்சும் வேணுமா, சொல்லு." யோசித்துவிட்டு, வேறொரு பொருள் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "மிசினுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஜூலை 5, சனி

சட்டம் வந்துவிட்டது. லாரிப் பாடி சேனல், அடியில் தடித்த தகடு, பச்சைப் பெயிண்ட். ஒரு ஆள் தூக்க முடியாது. முன்பக்கம் மல்லிகைப் பூ மாதிரி பெயிண்டில் ஒரு பூ வேறு. லாரிப் பின்கதவில் பூ வரையும் ஆளைப் பிடித்து வரையச் சொன்னாராம் அண்ணன்.

நான் கேட்ட பொருளும் ஒரு கோணிப்பையில் வந்திருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

கோணிப்பையில் வந்தது ஆக்ஸிலேட்டர் பெடல். முட்டி நின்ற புது லாரி ஒன்றிலிருந்து கழற்றியது. புது வண்டிகளில் பெடலிலிருந்து என்ஜினுக்குக் கம்பி போவதில்லை. பெடலுக்குள் ஒரு சென்சார் இருக்கிறது, மிதிக்க மிதிக்க வோல்ட் ஏறும். அந்த வோல்ட்டைக் கொண்டு என் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் ஒன்றை நேற்றே செய்து வைத்திருந்தேன். வேலை செய்யும்போது ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் போர்டு. வேகத்துக்குக் கால்தானே மிச்சம். காரணம் அவ்வளவுதான்.

பெடலை மேஜைக்கு அடியில் பலகையில் பொருத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தேன். மோட்டார் வீல் என்று கத்தியது. காலை எடுத்தேன், நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி கத்தல். நடுவில் நிறுத்தி வைக்க வரவில்லை.

"அது பெடலு, அம்மிக்குழவியில்ல. மெதுவா வையி காலை" என்றார் கட்டிலில் இருந்து.

"மெதுவாத்தானுங்க வெக்கறேன்."

"எங்க வெக்கற? குதிகாலத் தரையில ஊணு. நுனிக்கால்ல அமுக்கு."

"வரமாட்டீங்குதுங்க."

"ரேணுகா, நவுரு" என்றார்.

ஊன்றுகோலை எடுத்து ஊன்றி வந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கப் போனேன், பிறகு பிடிக்கவில்லை. உட்கார்ந்தார். வலது காலைப் பெடலில் வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு மோட்டார் முனக ஆரம்பித்தது. மெதுவாக, மிக மெதுவாகச் சத்தம் ஏறியது. ஏறி ஒரு இடத்தில் நின்றது, அசையாமல். இன்னும் ஏறியது. நடுவில் ஒரு தடவை காலை லேசாக எடுத்து, கிளட்ச் மிதிப்பதுபோல் இடது தொடையை அசைத்து, இடப்பக்கம் இல்லாத ஒன்றை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். கியர் போடும் இடம் அது. கையை உடனே மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் வலது காலை எடுக்கவில்லை.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்ட் சீராக ஏறி இறங்கியது. எங்கேயும் விட்டுப் போகவில்லை. சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது. கடைசியில் மட்டும் மீட்டரில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. பேட்டரி மாற்ற வேண்டும்.

ஜூலை 9, புதன்

முதல் போர்டு முழுசாகத் துளை போட்டாயிற்று. பிட் உடையவில்லை. நான் கோணல் என்று நினைத்த ஒரு துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சரியாத்தான் இருக்குது. உன்ற கோடுதான் கோணல்" என்றார்.

ஜூலை 12, சனி

இப்போது அவர்தான் துளை போடுகிறார். நான் ரசாயனத்தில் செம்பை அரிப்பது, கழுவுவது, பற்றவைப்பது. இரண்டு அளவு பிட் உண்டு. மெல்லியது ஐ.சி. கால்களுக்கு, கொஞ்சம் தடித்தது ஒயர் முறுக்கும் இடங்களுக்கு. டப்பாவில் இரண்டும் கலந்துவிட்டன. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தடவிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே, "அது எட்டு. அதுக்குப் பக்கத்துல கெடக்கறது பத்து" என்றார். பிட்டின் கழுத்தில் எறும்புக் கால் அளவில் எழுதியிருக்கும் எண்கள் அவை.

இன்சுலின் ஊசியில் இருக்கும் கோடு இதைவிடப் பெரிது. இரண்டு பேரும் வேலையைப் பார்த்தோம்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் அவர் குளிக்கப் போய்விட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே கூப்பிட்டார். போனேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு.

"இந்தத் தாழ்ப்பாள் எங்க?"

"ஆணி துருப்புடிச்சுப்போச்சுங்க. கழட்டி வெச்சேன்."

"நாலு ஆணியுமா?"

தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குழாயை இறுக்கி மூடினேன்.

"ஊசியும் நீதான் எடுத்து வெச்ச. கண்ணு தெரியலன்ன." அவர் குரல் கோபமாக இல்லை. "எனக்கு அந்த நெனப்பு இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. எப்படித் தெரியும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வைகாசியில் ஒரு நாள் அவர் என்னிடம் இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே என்று கேட்டார், பிரதீபாவுக்கு எப்போது படிப்பு முடியும் என்று கேட்டார், அன்றைக்கு ரொம்பச் சாந்தமாக இருந்தார். அவ்வளவுதான்.

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். "இப்ப இல்ல" என்றார். "அன்னாடம் வருமோ வராதோ, அது எனக்குத் தெரியாது. வந்தா உன்றகிட்டச் சொல்றேன். சரியா?"

"சரிங்க."

"அப்பறம் தாழ்ப்பாள மாட்டு. மனுசன் கதவச் சாத்திக் குளிக்கோணும்."

மத்தியானம் மாட்டினேன். புது ஆணி வாங்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரிடம் போனில் பேசினேன். வரும்போது இதையும் சொல்லுங்கள், இதற்கென்று ஒருவர் இருக்கிறார், அவரையும் பார்க்கலாம் என்றார். இவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அப்புறம் என்று சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றினார்கள். வாங்கி வந்தேன். போர்டுகளைக் கழுவிய மஞ்சள் கறை விரலில் போகவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டில் மருதாணியா என்று கேட்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். காலுக்கு அளவு கொடுத்தார். டாக்டர் சொன்ன அந்த அம்மாவையும் பார்த்தார். ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து பசிக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

போர்டுகள் எல்லாம் முடிந்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, காலையில் தேவராஜ் ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். எல்லாம் சூடு பிடித்து நின்றன. "தொளையெல்லாம் கம்பெனி போர்டு மாதிரி இருக்குதுங்க. எங்க குடுத்துப் போட்டீங்க?" என்றார். வீட்டில்தான் என்றேன். அடுத்த லாட்டுக்கும் அங்கேயே சொல்லிவிட்டார். வீட்டில் இவரிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்திலேயே பஸ் ஏறினேன். நாளை ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போகிறவர்கள் இன்றே ரோட்டை அடைத்துவிட்டார்கள். வீடு வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தேன். கட்டில் காலி.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. சமையலறை மேல் அலமாரியைப் பார்த்தேன். ஊசிகள் வைத்த இடத்தில் இருந்தன. போன் செய்தேன். தலையணைக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

எதிர்ச்சாரியில் பாழும் கிணறு ஒன்று இருக்கிறது. சுற்றுச்சுவர் இடிந்தது. செருப்புப் போடாமல் அங்கே ஓடினேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் பார்த்தேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை, "என்னக்கா தேடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனது.

வந்தால் சொல்கிறேன் என்று சொன்னாரே, சொன்னாரே என்று அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். பச்சைச் சட்டம் மட்டும் நின்றது. மோட்டாரைக் காணோம், குழலைக் காணோம். திருகுகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. என் சாப்பாட்டுக் கிண்ணம் அது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் குப்புராசு அண்ணன் குதித்தார். பின்னால் இவர். ஊன்றுகோலை முதலில் நீட்டி, காலை ஊன்றி, ஒரு கையில் துணி சுற்றிய மோட்டாரோடு இறங்கினார். சட்டையில் கிரீஸ். நெற்றியில் கிரீஸ்.

"மோட்டாரு ஷாஃப்ட்டத் தாங்கற புஷ்ஷு தேஞ்சு போச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா ஷாஃப்ட்டையே தின்னிருக்கும்" என்றார், படியில் நின்றபடி. "லேத்துல நானே பக்கத்துல நின்னு புதுசு போட்டேன். நீ சொன்னா அவனுங்க ஏமாத்திப்போடறானுங்க."

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதமாட்டேன். தெருவே கேட்டிருக்கும். ஓடுகிற மெஷினை எதற்குப் பிரித்தீர்கள், யாரைக் கேட்டுப் பிரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டேன். நான் கேட்க நினைத்தது அதையல்ல. அண்ணன் நைசாக ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

இவரும் விடவில்லை. "ஓடற மிசினாம்! காது கேக்குதா உனக்கு? ரெண்டு நாளா அது எப்படிக் கத்துது!"

"சொல்லிப்போட்டுப் போறதுக்கென்ன? போனையாவது எடுத்துட்டுப் போறதுக்கென்ன?"

"மறந்துபோட்டேன்! மனுசன் மறக்கக்கூடாதா?"

"மறக்கக்கூடாது!"

அப்போது அவர் என் காலைப் பார்த்தார். செருப்பில்லாமல், முழங்கால்வரை முள்ளும் மண்ணுமாக இருந்தது. தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. மோட்டாரை மேஜையில் வைத்தார்.

"அங்கயா போன?" என்றார்.

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சித்திரான்னம் செய்தேன். எலுமிச்சை, தேங்காய், தயிர். அவரோடு நான் பேசவில்லை. அவர் காலையிலேயே மோட்டாரை மாட்டி, திருகுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கி, ஓடவிட்டார். சத்தம் நன்றாகவே இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

தேங்காய்ச் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். டாக்டர் அரைக் கரண்டி என்றுதான் சொல்லியிருக்கிறார். அதையும் நான் சொல்லவில்லை, கோபத்தில் இருந்ததால்.

கை கழுவிவிட்டு வந்து, கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "நேத்து பண்ணது தப்புத்தான்" என்றார்.

தட்டுகளைத் தேய்த்து முடிக்கும்வரை அவரைக் காக்கவைத்தேன். பிறகு வந்து நின்று, "இனிமே எங்க போனாலும் சொல்லிப்போட்டுப் போங்க" என்றேன்.

"சரி. நாளைக்குக் காலையில போறேன்."

"எங்கங்க?"

"குப்புராசு பட்டறைக்கு. இன்னொரு சட்டம் வெல்டு பண்ணச் சொல்லியிருக்கறேன். பக்கத்துல நிக்காட்டி அவன் அடித்தகட்டுல கைய வெச்சுருவான்."

"இன்னொண்ணு யாருக்குங்க?"

"உனக்குத்தான். இது என்ற மிசினு. இதுல நீ கை வெக்கறது எனக்குச் சரிப்படல, நான் கை வெக்கறது உனக்குச் சரிப்படல. ஆளுக்கொண்ணு இருந்தாச் சண்டையில்ல."

வடிவம் போட்டது நான், பொருள் தேடி அலைந்தது நான், பிரிண்டரைப் பிரித்துக் கையைக் கிழித்துக்கொண்டது நான். அது எப்படி அவர் மெஷின் ஆகும்? அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சட்டத்துக்குச் சொல்லியாயிற்று. காலையில் அவர் கிளம்புவதற்கு முன்னால் இதற்கென்று தனியாக ஒரு சண்டை பிடித்துக்கொள்ள வேண்டும்.